“உனக்கு ஒன்றுமில்லை” என்று இனிச் சொல்லாதீர்கள்!



பளை, முகமாலை, மிருசுவில், கொடிகாமம் பக்கத் தென்னந்தோட்டங்களில் வேலை செய்வோரும் மலைநாட்டில் கொழுந்தெடுப்போரும் ஒரேமாதிரிக் கேட்டுப் பழகிய வசனம் ஒன்று உண்டு: “உனக்கு ஒன்றுமில்லை.”

களைப்பு என்று போனால் இரத்தச்சோகை என்று இரும்புக் குளிசை. தலைச்சுற்று என்றால் பிரஷர் குறைவு. மாதவிடாய் நின்றுவிட்டது என்றால் வயது. குளிர் தாங்க முடியவில்லை என்றால் மனசு. வேலைக்குப் போக முடியாவிட்டால் சோம்பேறி. இப்படியே ஐந்து வருடம், பத்து வருடம் போகிறது. இந்த ஐந்தையும் சேர்த்துப் பார்த்து, “இது ஒரே நோயாக இருக்குமோ?” என்று கேட்பார் இல்லை.

அப்படி ஒரு நோய் இருக்கிறது. மூளைக்கு அடியில் ஒரு கடலை அளவில் கபச்சுரப்பி இருக்கிறது. தைரொயிட், சிறுநீரகத்துக்கு மேலுள்ள சுரப்பி, சூலகம் எல்லாவற்றுக்கும் கட்டளை கொடுப்பது அதுதான். பெரட்டில் பேர் கூப்பிட ஆளில்லாவிட்டால் மலையில் வேலை நடக்காது. கபச்சுரப்பி செத்துப்போனால் உடம்பிலும் அதுவே நடக்கிறது. ஓமோன்கள் ஒவ்வொன்றாக நின்றுவிடுகின்றன.

அது ஏன் சாகிறது? பல காரணங்கள் உண்டு. அவற்றில் இரண்டு நம்முடைய வாழ்க்கையோடு ஒட்டியவை.

ஒன்று, பேறுகாலப் பெரும் இரத்தப்போக்கு. கர்ப்ப காலத்தில் இந்தச் சுரப்பி பருத்துவிடுகிறது. பிள்ளை பெறும்போது இரத்தம் அதிகமாகப் போய்ப் பிரஷர் விழுந்தால், சுரப்பிக்கு இரத்தம் போதாமல் அது கருகிவிடுகிறது. ஷீகன் என்ற ஆங்கிலேய வைத்தியர் 1937 இல் இதை விளக்கி எழுதினார். பெரும்பாலும் முதல் அடையாளம், பிள்ளை பிறந்தும் தாய்க்குப் பால் சுரக்காதது. “அவளுக்குப் பாலில்லை” என்று மாமியார் குறை சொன்ன அந்த நாளிலேயே நோய் தொடங்கியிருக்கலாம்.

மற்றது, கண்ணாடி விரியன் கடி. அதன் நஞ்சு இரத்தம் உறையும் முறையையே குலைத்துவிடுகிறது. கடிபட்டவர்களில் சிலருக்குக் கபச்சுரப்பியும் பழுதாகிறது என்பதைப் பர்மாவில் ஆராய்ந்த வைத்தியர்கள் 1987 இல் எழுதினார்கள். பிறகு இந்தியாவிலும் நம் நாட்டிலும் அத்தகைய நோயாளிகள் கண்டறியப்பட்டார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டு வயலிலும் ஓலைக் குவியலிலும் கண்ணாடி விரியன் புதிய ஆள் அல்ல. கடிபட்டவர் உயிர் தப்பி வீட்டுக்கு வந்தால் ‘சுகம்’ என்று எழுதிவிடுகிறோம். வருடங்கள் கழித்து அந்த மனிதர் மெலிந்து, மீசை உதிர்ந்து, மண்வெட்டி தூக்க முடியாமல் இருக்கும்போது பாம்பை யாரும் நினைப்பதில்லை.

ஆகவே கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டுதான். “பிள்ளைப்பேற்றில் இரத்தம் கனக்கப் போனதா?” “எப்போதாவது விரியன் கடித்ததா?” இதற்கு மெஷின் வேண்டாம், காசு வேண்டாம். கேட்பதற்கு ஒரு வாயும் பதிலைக் கேட்க ஒரு காதும் போதும். அதுதான் நமக்குக் கிடைப்பதில்லை.

இரத்தம் சோதித்தாலும் ஒரு பொறி இருக்கிறது. தைரொயிட் என்று சந்தேகித்தால் வழக்கமாக முதலில் பார்ப்பது ரி.எஸ்.எச். அதைச் சுரப்பதே கபச்சுரப்பிதான். அது கெட்டிருக்கும்போது ரி.எஸ்.எச். அளவு சரியாக இருப்பதுபோல் ரிப்போர்ட் வரலாம். “பார், எல்லாம் நோர்மல்” என்று அனுப்பிவிடுவார்கள். ரி4, கோர்ட்டிசோல் அளவுகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். கோர்ட்டிசோல் குறைவைக் கவனிக்காமல் தைரொயிட் குளிசையை மட்டும் தொடங்குவது ஆபத்து. இந்த நோய் உள்ளவர் ஒரு காய்ச்சலில், ஒரு வாந்தியில் பிரஷரும் சீனியும் விழுந்து சாகக்கூடும்.

“இது அரிய நோய், இதற்கெல்லாம் சங்கமா?” என்று சிலர் கேட்பார்கள். காஷ்மீரில் வைத்தியர்கள் தேடிப் பார்த்தார்கள். இருபது வயதுக்கு மேற்பட்ட, பிள்ளை பெற்ற பெண்களில் ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று பேருக்கு இது இருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். அவர்களில் பெரும்பாலானோர் வீட்டில் பிள்ளை பெற்றவர்கள். தேடினார்கள், கண்டார்கள். தேடாத இடத்தில் எந்த நோயும் அரிய நோய்தான்.

இன்னொன்று மொழி. சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர் 1847 இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் அறுபதுக்கு மேற்பட்டவர்களை வைத்தியர்களாக்கினார். 1860களில் தமிழிலேயே படிப்பித்தார். மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். நூற்றைம்பது வருடங்களுக்கு முன் இந்தக் குடாநாட்டில் வைத்தியமே தமிழில் படித்தார்கள் என்றால், இன்று ஒரு தொழிலாளியின் துண்டில் அவளுடைய நோயின் பெயரைத் தமிழில் எழுத என்ன தடை? தன் உடம்பைப் பற்றிய கடதாசியைத் தானே வாசிக்க முடியாதவள் அடுத்த வைத்தியரிடம் எதைச் சொல்வாள்?

கூலியும் இருக்கிறது. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்தபோது தேயிலைத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. கிளினிக்குக்கு ஒரு நாள், இரத்தம் எடுக்க ஒரு நாள், ரிப்போர்ட் வாங்க ஒரு நாள் என்று மூன்று பேர் போய்விடும். அதற்கு மேல் பஸ் காசு. சோதனையை வெளியில் செய்யச் சொன்னால் அதற்கும் காசு. இலவச வைத்தியம் என்கிறார்கள். வைத்தியம் இலவசம்தான், அதைத் தேடிப் போகும் நாள் இலவசமல்ல.

ஆகவே நாம் கேட்பது:

பேற்றில் பெரும் இரத்தப்போக்குக் கண்ட ஒவ்வொரு தாயின் அட்டையிலும் அது தமிழில் தெளிவாக எழுதப்பட வேண்டும். பால் சுரக்காவிட்டால், மாதவிடாய் திரும்பாவிட்டால் மருத்துவமாது அவரை வைத்தியரிடம் அனுப்ப வேண்டும்.

வேலைத்தலத்தில் பாம்பு கடித்தால் அது வேலை விபத்து என்று பதியப்பட வேண்டும். 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி அதற்கு நட்டஈடு கோர வேண்டும். பின்னால் வரும் ஓமோன் பழுதும் அந்தக் கணக்கில் சேர வேண்டும்.

ஓமோன் சோதனைகள் அரச வைத்தியசாலையில் காசில்லாமல் செய்யப்பட வேண்டும். கிளினிக் நாளுக்குப் பேர் வெட்டக்கூடாது.

நோய் பிடிபட்டால் பிறகு வேண்டியது பெரும்பாலும் பழைய, மலிவான குளிசைகள்தான். ஆயுள் முழுக்க எடுக்க வேண்டும், எடுத்தால் எழுந்து நடக்கலாம். இத்தனை எளிய மருந்து இருக்க, ஒரு பெண் பத்து வருடம் சோம்பேறிப் பட்டம் சுமப்பது விதியல்ல, அநியாயம்.

தோழர்களே, உங்கள் வீட்டிலும் லயத்திலும் அப்படி ஒருவர் இருக்கிறாரா? இன்றைக்கே அந்த இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். ஒன்றுக்காவது ‘ஓம்’ என்று பதில் வந்தால் அதைக் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். தனியே அனுப்பாதீர்கள். கமிட்டியிலிருந்து ஒருவர் கூடப் போகட்டும்.