தடை செவிலியரின் மனத்தில் இல்லை

அரசு மருத்துவத் துறையில் கணினிமயம் ஏன் தள்ளாடுகிறது என்று கேட்டால், கருத்தரங்க மேடைகளில் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது. ஊழியர்கள் பழைய வழக்கத்தை விடமாட்டார்கள், மக்களுக்குத் தொழில்நுட்பம் புரியாது, ஆகவே பயிற்சியும் நிதியும் பெரிய தனியார் நிறுவனமும் வேண்டும் என்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இது பழியை எல்லாம் கீழ்மட்டத்தில் இருப்பவர் தலையில் கட்டிவிட்டு, திட்டம் வகுத்தவரைத் தப்ப விடுகிறது.

ஊழியரிடமிருந்தே தொடங்குவோம். தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளைப் பதிவு செய்யும் 'பிக்மி' முறை 2008-இல் வந்தது. அதில் கிடைக்கும் 12 இலக்க எண்ணைப் பிறப்புப் பதிவுக்குக் கேட்கிறார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் தொகைக்கும் அந்தப் பதிவுதான் அடிப்படை. இவ்வளவையும் தாங்குபவர் துணை சுகாதார நிலையத்தில் இருக்கும் கிராம சுகாதார செவிலியர். ஒரு கர்ப்பிணி வந்தால் எடை பார்க்கிறார், ரத்த அழுத்தம் பார்க்கிறார், ஹீமோகுளோபின் அளவைக் கேட்டுக் குறிக்கிறார். முதலில் தாயின் கையிலிருக்கும் அட்டையில் எழுத வேண்டும். அதையே பதிவேட்டில் எழுத வேண்டும், பிறகு கணினியில் ஏற்ற வேண்டும், மாதக் கடைசியில் மறுபடி கூட்டி அறிக்கையாகவும் தர வேண்டும். பகலில் சர்வர் சுற்றிக்கொண்டே இருந்தால் மிச்ச வேலை வீட்டுக்கு வருகிறது. இந்தப் பதிவு வேலையால் களப்பணி கெடுகிறது, இதற்குத் தனி ஆள் போடுங்கள் என்று செவிலியர் சங்கங்கள் போராடியும் இருக்கின்றன. இதற்கு 'மாற்றத்தை எதிர்க்கும் மனப்பான்மை' என்று பெயர் சூட்டுவது அநியாயம். நான்கு முறை எழுதச் சொன்னால் யாருக்குத்தான் சலிப்பு வராது?

மனப்பான்மைதான் தடை என்றால், 'மக்களைத் தேடி மருத்துவம்' நடந்திருக்கவே கூடாது. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய அத்திட்டத்தில் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்த பெண்கள். செயலியில் விவரம் ஏற்றுவதும் அவர்கள்தான்.

காசநோய் இறப்பைக் குறைக்க 2022-இல் தொடங்கிய திட்டத்தையும் பாருங்கள். உடல் எடைக் குறியீடு, மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, கால் வீக்கம், துணையின்றி நிற்க முடிகிறதா என்கிற ஐந்தையும் பார்த்து, நிலைமை மோசமானவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். முதல் சோதனைக்கு ஒரு தாளே போதும். கணினிப் பதிவு அதன் பிறகுதான். எழுதிய விவரம் எழுதியவரின் கண் முன்னாலேயே அந்த நோயாளிக்குப் படுக்கையாக மாறுகிறது. அப்படிப்பட்ட பதிவை எந்தச் செவிலியரும் சுமை என்று சொல்லப் போவதில்லை. இனி ஒவ்வொரு புதிய செயலிக்கும் போடும் அரசாணையில், அன்றைக்கே எந்தப் பதிவேடு முடிகிறது என்பதும் எழுதப்பட வேண்டும். அது இல்லாத ஆணை வேலையைக் கூட்டுமே தவிரக் குறைக்காது.

அடுத்தது, மக்களுக்குப் புரியாது என்ற வாதம். 2021 மே 1 முதல் 18 வயதிலிருந்து 44 வயது வரையுள்ளவர்கள் கோவின் இணையதளத்தில் முன்பதிவு செய்தால்தான் கொரோனா தடுப்பூசி என்றார்கள். அப்போது அந்தத் தளம் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. கைப்பேசி வேண்டும், ஓடிபி வேண்டும், இடம் காலியாகும் நொடியில் விரல் அழுத்த வேண்டும். மே 24-இல் அரசு மையங்களில் நேரடிப் பதிவை அனுமதித்தார்கள். மாதக் கடைசியில் உச்ச நீதிமன்றமும் இந்த டிஜிட்டல் இடைவெளியைச் சுட்டிக்காட்டிக் கேள்வி கேட்டது. அந்த மூன்று வாரத்தில் மக்களின் அறிவு வளர்ந்துவிடவில்லை. வாசல் திறந்தது, அவ்வளவுதான். வீட்டில் ஒரே போன், அதுவும் திருப்பூரில் வேலை செய்யும் கணவர் கையில் என்றால், ஓடிபி அங்கே போகும், மனைவி இங்கே வரிசையில் நிற்பாள். கைப்பேசி எண் இல்லாமலும் சேவை கிடைக்கும் என்பதை அமைப்பிலேயே எழுதி வைக்காவிட்டால் இது தீராது.

தனியுரிமை பேசினால் வேலை நடக்காது என்றும் சிலர் சொல்கிறார்கள். ஆனால் காசநோய், எச்ஐவி, கருக்கலைப்பு போன்ற விவரங்கள் வெளியே போகும் என்ற பயம் வந்தால் நோயாளி தப்பான எண்ணைக் கொடுப்பார், அல்லது வரவே மாட்டார். அப்புறம் பதிவு எதற்கு?

கடைசியாக, பணமும் பெரிய நிறுவனமும். இங்கிலாந்து 2002-இல் தேசிய சுகாதாரச் சேவைக்காக மாபெரும் கணினித் திட்டத்தைத் தொடங்கி, பெரிய நிறுவனங்களிடம் ஒப்பந்தம் கொடுத்து, பல நூறு கோடி பவுண்டு செலவழித்து, 2011-இல் கலைத்தது. அதைப் பயன்படுத்த வேண்டிய மருத்துவர்களைப் போதிய அளவு கேட்கவில்லை என்பது அங்கே திரும்பத் திரும்ப எழுந்த குறை. மாறாக, 1994-இல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துக் கிடங்குகளைக் கணினியால் இணைத்து, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்து, எந்த மருந்து எங்கே எவ்வளவு இருக்கிறது என்பதைக் கண்ணுக்குத் தெரிய வைத்தது. பிற மாநிலங்கள் அதைப் பார்த்துத் தமக்கும் கழகங்கள் அமைத்துக்கொண்டன.

இலங்கை இன்னும் நல்ல பாடம். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டமேற்படிப்பு நிறுவனம் 2009 முதல் மருத்துவர்களுக்கே மருத்துவத் தகவலியலில் முதுநிலைப் படிப்பு நடத்துகிறது. அப்படி ஆள் வளர்த்து வைத்திருந்ததால், 2020 ஜனவரியில் கொரோனா எட்டிப் பார்த்தபோது, கையிலிருந்த இலவச மென்பொருளிலேயே வெளிநாட்டிலிருந்து வருவோரைக் கண்காணிக்கும் முறையைச் சில நாட்களில் உருவாக்கினார்கள். பின்னால் பல நாடுகள் அதை எடுத்துத் தமக்கேற்ப மாற்றிக்கொண்டன. தமிழ்நாட்டு அரசு மருத்துவர்களிலும் செவிலியர்களிலும் ஆண்டுக்குச் சிலரையாவது இப்படிப் படிக்க அனுப்பி, அடுத்த செயலியின் திட்டக் குழுவில் உட்கார வைக்கலாம். கிராம சுகாதார செவிலியருக்கும் அங்கே ஒரு நாற்காலி வேண்டும்.