தல்லி ராஜ்ஹராவின் ஆஸ்பத்திரி

இந்தியாவின் சத்தீஸ்கரில் தல்லி ராஜ்ஹரா என்றோர் ஊர். அங்கே மலையைத் திறந்தவெளியில் படிபடியாக வெட்டி இரும்புத்தாது எடுக்கிறார்கள். பிலாய் உருக்காலைக்குப் பல பத்தாண்டுகளாகத் தாது கொடுத்த மலை அது. கையால் கல் உடைத்து லொறியில் ஏற்றியவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர், ஆணும் பெண்ணும். நம் பாட்டன் காலத்துக் கங்காணியைப் போல, கூலிக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒப்பந்தக்காரர்.

1977இல் அவர்கள் பழைய சங்கங்களை விட்டு விலகித் தமக்கென ஒரு சங்கம் கண்டார்கள். சங்கர் குஹா நியோகி உடன் நின்றார். கோரிக்கைகளில் ஒன்று, மழைக்கு முன் குடிசையைச் செப்பனிடப் பணம். லயத்துக் கூரைக்குக் கீழே பாத்திரம் வைத்துப் பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த ஜூன் 2, 3ஆம் திகதிகளில் பொலிஸ் சுட்டதில் 11 பேர் மாண்டனர்.

பின்னர் சங்கத்தின் துணைத் தலைவி குசும் பாய் தக்க வைத்தியம் கிடைக்காமல் பிரசவத்தில் இறந்தார். தொழிலாளர் மனு எழுதியதோடு நிற்கவில்லை. தம் பணத்தாலும் உழைப்பாலும் ஷஹீத் ஆஸ்பத்திரியைக் கட்டி, 1983 ஜூன் 3இல், தியாகிகளின் நினைவு நாளிலேயே திறந்தார்கள். சம்பளப் போராட்டத்தையும் விடவில்லை. 1991 செப்டெம்பர் 28இல் நியோகி பிலாயில் தூக்கத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆஸ்பத்திரி நின்றுவிடவில்லை.

வைத்தியம் தருவது அரசின் கடமை, கம்பெனியின் கடமை. சரிதான், அதைக் கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் வலி வந்த பெண்ணைக் கொழுந்து லொறியில் ஏற்றி அனுப்பியதை நாமே பார்த்திருக்கிறோம். மாதச் சந்தாவில் ஒரு பங்கை அவசர வாகனச் செலவுக்கு ஒதுக்கலாமா? தோட்டக் கமிட்டிகள் அடுத்த கூட்டத்தில் பேசி, பெண் அங்கத்தவர்களின் கருத்தையும் சேர்த்து, எமக்கு எழுதி அனுப்புங்கள்.