நியூயார்க்கில் ஓட்டைப் பிரித்தது யார்?

வீட்டு வாடகை, பஸ் கட்டணம், போலீஸ் என்று பேச எவ்வளவோ இருந்தும், 2025 நியூயார்க் மேயர் தேர்தலின் கடைசி வாரங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்து நின்றது: கர்டிஸ் ஸ்லிவா ஏன் இன்னும் போட்டியிலிருந்து விலகவில்லை?

ஸ்லிவா, குடியரசுக் கட்சி வேட்பாளர். ஜனநாயகக் கட்சி சார்பில் நின்றவர் 34 வயது ஜோஹ்ரான் மம்தானி. அந்தக் கட்சிக்குள் நடந்த வேட்பாளர் தேர்வில் அவரிடம் தோற்ற மாநில முன்னாள் ஆளுநர் ஆண்ட்ரூ கியூமோ, சுயேச்சையாகக் களமிறங்கினார். மம்தானிக்கு எதிரான ஓட்டை ஸ்லிவா பிரிக்கிறார் என்பது கியூமோ தரப்பின் புகார். தேர்தலுக்கு முந்தைய நாள் அதிபர் டிரம்ப்பே, சொந்தக் கட்சி வேட்பாளரை விட்டுவிட்டு கியூமோவுக்கு ஓட்டுப் போடச் சொன்னார். ஸ்லிவா அசையவில்லை. அப்போதைய மேயர் எரிக் ஆடம்ஸ் செப்டம்பரிலேயே ஒதுங்கிவிட்டார். ஆனாலும் வாக்குச்சீட்டில் அவர் பெயர் அப்படியே இருந்தது. மம்தானியின் பெயர் இரண்டு இடங்களில் இருந்தது. ஒரே ஆளை இரண்டு கட்சிகள் நிறுத்தலாம் என்பது அந்த ஊர் வழக்கம்.

நவம்பர் 4-ம் தேதி 20 லட்சத்துக்கும் அதிகமானோர் ஓட்டுப் போட்டார்கள். 1969-க்குப் பிறகு அங்கு இவ்வளவு பேர் வந்ததில்லை. மம்தானி 50 சதவீதத்தைத் தாண்டினார். கியூமோவுக்கு 41, ஸ்லிவாவுக்கு 7 சதவீதம். கடைசி இருவரையும் கூட்டினாலும் 48-தான். ஆக, ஸ்லிவா யாருடைய வெற்றியையும் தட்டிப் பறிக்கவில்லை.

ஆனால் இது அதிர்ஷ்டம். மம்தானி 46 சதவீதத்தில் நின்றிருந்தால் அந்தச் சண்டை இன்றும் ஓய்ந்திருக்காது. நவம்பர் தேர்தலில் அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயிப்பார், அவ்வளவுதான். பாதிப் பேர் ஆதரவு தேவையில்லை.

இதே நகரம் ஜூனில் வேறு மாதிரி ஓட்டுப் போட்டது. ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் தேர்வில் 11 பேர் இருந்தார்கள். வாக்காளர் ஐந்து பேர் வரை 1, 2, 3 என வரிசைப்படுத்தலாம். யாரும் பாதியைத் தொடாவிட்டால், பின்தங்கியவர்கள் நீக்கப்பட்டு, அவர்களுடைய ஓட்டு அதே சீட்டில் உள்ள அடுத்த பெயருக்குப் போகும். இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலில் எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் போடுவதும் விருப்ப வரிசை ஓட்டுதான்.

விதி மாறியதும் வேட்பாளர்களின் நடத்தையும் மாறியது. எதிரெதிராக நின்ற மம்தானியும் பிராட் லேண்டரும், எனக்கு முதலிடம், அவருக்கு இரண்டாமிடம் என்று பரஸ்பரம் ஆதரவு கேட்டார்கள். யாரும் யாரையும் விலகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முதல் சுற்றில் சுமார் 44 சதவீதம் பெற்ற மம்தானி, மற்றவர்களின் ஓட்டுகள் கைமாறிய பிறகு 56 சதவீதத்தில் முடித்தார்.

அப்படியானால் நவம்பரில் ஏன் இந்த முறை இல்லை? 2019-ல் மக்கள் வாக்கெடுப்பில் ஏற்கப்பட்ட திருத்தம், கட்சி வேட்பாளர் தேர்வுக்கும் நகராட்சியின் இடைத்தேர்தல்களுக்கும் மட்டும்தான். பொதுத்தேர்தல் விடுபட்டுப்போனது. இங்கேதான் அநியாயம் இருக்கிறது. எந்தக் கட்சியிலும் பதியாத வாக்காளர்கள் நியூயார்க்கில் 10 லட்சத்துக்கும் மேல். கட்சித் தேர்வில் அவர்களுக்கு இடமே இல்லை. நான்கு வருஷத்துக்கு ஒருமுறை வரும் மேயர் தேர்தலில் அவர்களுக்குக் கிடைப்பது ஒரே ஒரு டிக், அதோடு ‘ஓட்டை வீணாக்காதே’ என்ற மிரட்டல்.

வரிசை ஓட்டில் குறையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2021-ல் ஆடம்ஸ், கேத்ரின் கார்சியாவை வென்றது வெறும் 7,197 ஓட்டில். கடைசிச் சுற்றில் அந்த இருவர் பெயருமே இல்லாததால் கணக்கிலிருந்து விழுந்த சீட்டுகளோ சுமார் 1.4 லட்சம். போதாக்குறைக்கு, சோதனைக்காக வைத்திருந்த சுமார் 1.35 லட்சம் சீட்டுகளையும் சேர்த்து எண்ணி தேர்தல் வாரியம் மானத்தை வாங்கியது. எண்ணிக்கைக்கு நாளும் அதிகம் பிடிக்கும். ஆனால் நவம்பர் முறையில், தோற்றவர்களுக்கு விழுந்த அத்தனை ஓட்டும் எடுத்த எடுப்பிலேயே முடிந்துபோகிறது. அதை யாரும் வீணான சீட்டு என்று எண்ணிக் காட்டுவதில்லை.

அடுத்த மேயர் தேர்தல் 2029-ல். விதியைத் திருத்தாவிட்டால், அப்போதும் ஜூனில் ஐந்து பெயர், நவம்பரில் ஒரே பெயர்.