எட்டு மணித்தியாலத்தில் எத்தனை மணித்தியாலம்?

வவுனியாவிலிருந்து ஆசிரியை ஒருவர் இப்பகுதிக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். வருகிற பாடசாலை விடுமுறையில் அவர் குடும்பத்தினர் அறுவரும் சிங்கப்பூரிலுள்ள உறவினர் வீட்டுக்குச் செல்கின்றனராம். அங்கிருந்து உல்லாசக் கப்பலொன்றில் ஏறிச் சில நாட்கள் கடற்பிரயாணம் செய்யவும் ஏற்பாடாகியிருக்கிறது. கப்பல் பினாங்குத் துறைமுகத்தில் ஒரு பகற்பொழுது மட்டும் தங்கும். “அந்த எட்டு மணித்தியாலத்தில் எதைப் பார்ப்பது, எதை விடுவது? இதன் பொருட்டு வீட்டில் இப்பொழுதே ஆளுக்கொரு கட்சியாகிவிட்டோம்” என்று அவர் குறைப்படுகிறார்.

அவர் வீட்டுக் கட்சிச் சண்டை எனக்குப் புதிதன்று. இதே பிரயாணத்தை நாங்களும் செய்தோம். இதே சண்டையையும் செய்தோம். ஆகவே ஆசிரியைக்கு உபதேசம் கூறுவதிலும் பார்க்க, எங்களுக்கு நேர்ந்ததைக் கூறுவதே பொருத்தமென்று எண்ணுகின்றேன்.

பினாங்கை அடைவதற்கு முதல்நாள் மாலை, கப்பலார் ஒரு தாளை அறைக்கு அனுப்பினார்கள். காலை 8 மணிக்குக் கப்பல் துறையை அடையும். பிற்பகல் 4 மணிக்குப் புறப்படும் என்று அதிற் கண்டிருந்தது. உடனே குடும்ப சபை கூடியது. மகன் பினாங்கு மலைமீது ஏறவேண்டும் என்றான். 1923ஆம் ஆண்டிலிருந்து அம்மலைச் சரிவில் இழுவைப் புகையிரதம் ஓடுகிறது என்பதை எங்கோ படித்து வைத்திருந்தான். மகளுக்கு ஆர்மீனியன் வீதிச் சுவர்களிலே தீட்டியிருக்கும் சித்திரங்கள் வேண்டும். என் கணவருக்கு ஆயர் ஈத்தாமிலுள்ள கெக் லோக் சி என்னும் பௌத்த ஆலயம். எனக்குக் கடைத்தெரு. இவ்வாறு ஒன்பது இடங்கள் தாளில் ஏறிவிட்டன. என் மாமி மாத்திரம் ஒன்றும் பேசாமல் கடலைப் பார்த்துக் கொண்டிருந்தார்.

“தம்பி, நீதானே கணக்கிலே கெட்டிக்காரன், இந்த ஒன்பதும் எட்டு மணித்தியாலத்துள் அடங்குமா என்று பார்த்துச் சொல்லு” என்றேன்.

அவன் செய்த கணக்கை மாணவர்களும் செய்து பார்க்கலாம். கப்பல் 8 மணிக்குத் துறையைத் தொட்டாலும், அதிகாரிகளின் சோதனை முடிந்து, வரிசையில் நின்று, வெளியே கால் வைக்க 9 மணியாகும். புறப்படும் நேரம் 4 மணியென்றாலும், பிரயாணிகள் யாவரும் 3.30 மணிக்குள் ஏறிவிடவேண்டும் என்று அதே தாளின் அடியிலே சிறிய எழுத்தில் இருந்தது. வழியில் வாகன நெரிசலோ மழையோ குறுக்கிடக்கூடும் என்று நாமாக ஒரு மணித்தியாலம் ஒதுக்கினால், திரும்பவேண்டிய நேரம் 2.30. எஞ்சுவது ஐந்தரை மணித்தியாலம். சாப்பாட்டுக்கு ஒன்று, முதியவர் அமர்ந்து இளைப்பாறுவதற்கு ஒன்று என்று கழித்தால் மூன்றரை. எட்டென்று நாம் எண்ணியிருந்தது மூன்றரையாகச் சுருங்கியதைக் கண்டு பையன் திகைத்துப் போனான். மலைக்குச் செல்ல நகரை விட்டு வெளியேற வேண்டும். அங்கே வரிசையிலும் காத்து நிற்க வேண்டும். போய் மீள அந்த மூன்றரையும் அதற்கே சரி.

பலமரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பார்கள். எந்த மரத்தை வெட்டுவது என்ற வாதம் மறுபடி தொடங்கிற்று. அப்பொழுதுதான் மாமி திரும்பி, மெல்லிய குரலில் ஒரு கேள்வி கேட்டார்.

“பிள்ளை, பினாங்கில் ஒரு மணிக்கூட்டுக் கோபுரம் இருக்குமோ?”

கைப்பையைத் திறந்து, கடதாசியிற் சுற்றிய பழைய புகைப்படம் ஒன்றை மேசைமீது வைத்தார். வெள்ளை உடை அணிந்த இளைஞர் ஒருவர் வெயிலிலே கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார். அவருக்குப் பின்னால், மங்கலாக, மணிக்கூட்டுக் கோபுரம் ஒன்று. படத்தின் மறுபுறத்திலே மையால் ‘பினாங்கு’ என்று எழுதப்பட்டிருந்தது.

அவர் மாமியின் தந்தையார். அக்காலத்திலே யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் சென்றதைப் போல அவரும் மலாயா சென்று, தைப்பிங்கில் புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராக வேலை பார்த்தார். 1940இல் லீவு முடிந்து அவர் மறுபடி கப்பலேறியபோது மாமி ஆறுமாதக் குழந்தை. 1941 டிசெம்பரில் பினாங்கிலே குண்டுகள் விழுந்தன. அம்மாதமே அது ஜப்பானியர் வசமாயிற்று. அத்துடன் கடிதமும் நின்றது, காசுக்கட்டளையும் நின்றது. யுத்தம் முடிந்தபின் அவர் இறந்துபோன செய்தி மாத்திரம் வீடு வந்து சேர்ந்தது.

“ஐயாவின் முகம் எனக்கு இந்தப் படந்தான்” என்றார் மாமி. “அவர் அம்மாவுக்கு எழுதிய கடிதமொன்றில், பினாங்கில் புகையிரதச் சீட்டு வாங்கிக்கொண்டு கப்பலில் ஏறினேன் என்று எழுதியிருந்தாராம். புகையிரதச் சீட்டோடு யாராவது கப்பலில் ஏறுவார்களா? அம்மா கடைசிவரை அதைப் பகிடி என்றே நினைத்தா.”

அதன்பின் வாதம் நடக்கவில்லை. மகன் தானாகவே பேனையை எடுத்து மலையை வெட்டினான். மணிக்கூட்டுக் கோபுரம் ஒன்று, தமிழர் கடைத்தெருவும் அதையடுத்த கோயில்களும் ஒன்று, ஆக இரண்டே இடங்கள் தாளில் நின்றன. இரண்டுக்கும் இரண்டரை மணித்தியாலம். மிஞ்சிய ஒரு மணித்தியாலத்தில் எதையும் எழுதவேண்டாம் என்று என் கணவர் தடுத்துவிட்டார். வெறுமையாக விட்ட அந்த ஒரு வரியின் பெறுமதி மறுநாள்தான் விளங்கிற்று.

பினாங்கிலே ஒரு வசதியுண்டு. ஸ்வெட்டன்ஹாம் இறங்குதுறை ஜோர்ஜ் டவுன் நகரின் வாசலிலேயே இருக்கிறது. வெளியே வந்து சிறிது தூரம் நடந்தால் கோர்ன்வாலிஸ் கோட்டை. அதன் அருகே விக்டோரியா மகாராணியின் நினைவாக எழுப்பிய மணிக்கூட்டுக் கோபுரம். அவர் ஆட்சியின் அறுபதாண்டு நிறைவைக் குறிக்க, ஆண்டுக்கு ஓரடியாக 60 அடி உயரத்தில் அதைக் கட்டினார்கள். யுத்தகாலக் குண்டுவீச்சினால் அது சற்றே சாய்ந்து நிற்கிறது என்பர்.

மாமி கைத்தடியை ஊன்றி நின்று அண்ணாந்து பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். “இதில்லை, பிள்ளை” என்றார். எங்களுக்கும் அது தெரிந்தது. இங்கே கோபுரம் தனித்து நிலத்திலிருந்து எழுகிறது. படத்திலோ அது ஒரு பெரிய கட்டடத்தின் கூரைக்கு மேலே தலை காட்டுகிறது. ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. “சரி, கோயிலுக்குப் போவோம்” என்று மாமியே முன்னே நடந்தார்.

வெயில் ஏறியிருந்தது. ஆயினும் கடைகளின் முன்னே கூரையிட்ட நடைபாதைகள் இருப்பதால் நிழலிலேயே நடக்கலாம். அவற்றை அங்குள்ள தமிழர் ‘அஞ்சடி’ என்கின்றனர். குவீன் வீதியில் 1833ஆம் ஆண்டு தோன்றிய மகா மாரியம்மன் ஆலயம் இருக்கிறது. அதன் சுற்றாடலிலேயே கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், சீனருடைய குவான் யின் ஆலயமும், 1818இல் எழுந்த புனித ஜோர்ஜ் தேவாலயமும் உள்ளன. நான்கு சமயத்தவரின் வழிபாட்டிடங்களை ஒரு காலை நடையிலே கண்டுவிடலாம். 2008இல் இந்நகரை உலக மரபுரிமைத் தலமாக யுனெஸ்கோ அறிவித்ததில் வியப்பில்லை.

கோயில் வாசலிலே பூமாலை வாங்குகையில், மாமி கையிலிருந்த படத்தைக் கடைக்காரப் பெரியவர் கண்டார். கண்ணாடியை உயர்த்தி உற்றுப் பார்த்தார்.

“அம்மா, இது இரயில் ஓடாத இரயில் நிலையமல்லவா?” என்றார். “அந்தக் காலத்திலே தீவுக்குள் இரயில் கிடையாது, தண்டவாளம் எல்லாம் அக்கரையிலே பிறையில்தான். ஆனால் சீட்டு விற்பது இக்கரையில், இந்தக் கட்டடத்தில். சீட்டை வாங்கிக்கொண்டு படகேறி அக்கரை போய் இரயிலைப் பிடிக்கவேண்டும். இப்பொழுது சுங்கத்தாரின் காரியாலயம். சைனா வீதி வழியாக நேரே கடற்கரைக்குப் போங்கள்; மணிக்கூண்டு தெரியும்.”

மணி அப்பொழுது 10.50. தாளிலே ஒன்றும் எழுதாத அந்த ஒரு மணித்தியாலம் எங்கள் கையில் இருந்தது.

மெல்ல நடந்தே சென்றோம். வீதி முடிந்து கடற்காற்று முகத்தில் அடித்தபோது, வெண்மையான பெரிய கட்டடமும் அதன் கூரைக்கு மேலே மணிக்கூட்டுக் கோபுரமும் எதிரே நின்றன. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலே எழுந்த கட்டடம் அது. மகள் படத்தை உயர்த்திப் பிடித்து, ஓரடி முன்னும் ஓரடி பின்னுமாக நகர்ந்து, “அப்பம்மா, இங்கே வாருங்கோ, இந்த இடந்தான்” என்றாள்.

மாமி அங்கே போய் நின்றார். தந்தையைப் போலவே அவர் கண்ணும் வெயிலுக்குச் சுருங்கிற்று. அழுவார் என்று நான் பயந்தேன். அவரோ கடலுக்கப்பால் தெரிந்த கரையைச் சுட்டிக்காட்டி, “அங்கேதானே புகையிரதம்?” என்று பேரனிடம் கேட்டார். அவன் ஆமென்றான்.

“அப்படியென்றால் ஐயா பகிடி விடவில்லை” என்று சொல்லிச் சிரித்தார். “அம்மா இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.”

பிறகு அருகே ஒரு நிழலில் அமர்ந்து நெடுநேரம் அக்கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவசரப்படுத்துவதற்கு எங்களுக்குக் காரணம் எதுவும் இருக்கவில்லை. மீண்டும் கடைத்தெரு சென்று தோசையும் தேநீரும் சாப்பிட்டு, நான் இரண்டொரு பொருள் வாங்கி, வாடகைக் காரில் துறைக்கு வந்தபோது 2.20.

3.30 மணிக்குக் கப்பலின் மேற்றளத்திலிருந்து ஒரு காட்சி கண்டோம். ஒரு தாயும் தகப்பனும் இரு குழந்தைகளும் கையில் மூட்டைகளோடு துறையிலே ஓடி வந்தனர். கடைசி நிமிடத்தில் ஏறிவிட்டார்கள். ஏறியதும் அந்தத் தாய் தளத்திலேயே அமர்ந்துவிட்டார். அவர்கள் அன்று எத்தனை இடம் பார்த்தார்களோ! மகன் நகருக்கு அப்பால் நீலமாய் நின்ற பினாங்கு மலையைச் சிறிது நேரம் பார்த்தான். “இன்னொரு முறை வரலாம்” என்றான். அவன் மனத்தில் ஏமாற்றம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அன்றிரவு அந்தப் புகைப்படத்தைப் புதிய கடதாசியிற் சுற்றிக் கொடுத்தவன் அவன்தான்.

ஆசிரியை அவர்களுக்கு இனிச் சில வார்த்தைகள். சீட்டுப் பதியுமுன், கப்பல் தங்கும் நாட்டிலே இறங்குவதற்கு அனுமதி வேண்டுமா என்று கட்டாயம் விசாரியுங்கள். கடவுச்சீட்டின் பிரதியொன்றும், கப்பலார் தரும் தாளிலுள்ள துறைமுக முகவரின் தொலைபேசி எண்ணும் பையில் இருக்கட்டும். இலங்கை நேரத்திலும் மலேசிய நேரம் இரண்டரை மணித்தியாலம் முந்தியது. வீட்டிலுள்ள எல்லோருடைய கடிகாரங்களையும் முதல்நாளே கப்பல் நேரத்துக்குத் திருத்திவிடுங்கள். கப்பலார் தாமே ஒழுங்குசெய்யும் சுற்றுலா தாமதித்தாற் கப்பல் பொறுத்திருக்கும். தாமாகச் சென்றவர்களுக்காகப் பொறுத்திருக்க வேண்டிய கடமை அதற்கில்லை. தவறியவர்கள் அடுத்த துறைமுகத்துக்குத் தம் செலவிலே போய்ச் சேரவேண்டியதுதான். ஆகவே ஏறவேண்டிய நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணித் திட்டமிடுங்கள். இரண்டு இடத்துக்கு மேல் எழுதாதீர்கள். ஒரு மணித்தியாலத்தை வெறுமையாக விடுங்கள்.

அந்த இரண்டு இடங்களையும் யார் தெரிவது என்று கேட்பீர்கள். உங்கள் வீட்டு அறுவரிலே இதுவரை எந்தக் கட்சியிலும் சேராமல் மௌனமாக இருப்பவர் ஒருவர் இருப்பார். இன்றிரவு சாப்பாடு முடிந்ததும் முதலில் அவரைக் கேளுங்கள்.