குப்பைத் தொட்டிக்கும் அபராதமா?

அமெரிக்காவில் சொந்த வீடு வாங்கிவிட்டால் நிம்மதி என்று யாரேனும் எண்ணினால் ஏமாந்துதான் போவார்கள். புல் உயரமாக வளர்ந்துவிட்டதா? கதவின் நிறம் பிடிக்கவில்லையா? உடனே அபராதச் சீட்டு வரும். அனுப்புவது அரசாங்கமல்ல, அந்தக் குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் சங்கம்!

ஒழுங்கே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. விதி எழுதுபவர்களே குற்றமும் கண்டுபிடித்துத் தண்டனையும் விதித்தால், நியாயத்தை யாரிடம் போய்க் கேட்பது?

ஃபுளோரிடா மாநிலச் சட்டம் இதற்குக் கடிவாளம் போட்டிருப்பது உண்மைதான். 14 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். மூவருக்குக் குறையாத குழு விசாரித்து ஒப்புதல் தர வேண்டும். நிர்வாகிகளோ அவர்களின் நெருங்கிய உறவினரோ அதில் இருக்கக் கூடாது. குப்பை அள்ளும் நேரத்துக்கு முன்னும் பின்னும் 24 மணி நேரம் தொட்டி வெளியே இருந்தால் அபராதம் கூடாது என்று 2024இல் திருத்தமும் வந்தது. (குப்பைத் தொட்டிக்காகச் சட்டமன்றம் கூட வேண்டிய நிலை!)

ஆனால் ஓட்டையைப் பாருங்கள். நாளொன்றுக்கு 100 டாலர், மொத்தம் 1,000 டாலர் என்ற வரம்பு, சங்கத்தின் ஆவணங்கள் வேறு விதமாகச் சொன்னால் செல்லாது. அந்த ஆவணமோ, பெரும்பாலும் வீடுகளைக் கட்டி விற்ற நிறுவனம் முன்பே எழுதி வைத்தது!

கலிஃபோர்னியா 2025இல் இதைவிடத் துணிந்து, உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ கேடில்லாத மீறலுக்கு 100 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது என்றது. ஃபுளோரிடா ஏன் தயங்குகிறது? அங்கே விசாரணைக் குழுவை நியமிப்பதும் அதே சங்க நிர்வாகம்தானே!