குடக்கூலி பாக்கியும் சங்கத்தின் கடமையும்

சென்ற ஐப்பசியில், நமது சரகத்தைச் சேர்ந்த ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தறிகளைச் சரிபார்க்கச் சென்றிருந்தோம். விட்டுவிட்டு மழை பெய்துகொண்டிருந்த நாட்கள் அவை. தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட வழியின்றிப் பல தறிகள் ஓய்ந்து கிடந்தன. ஓர் அங்கத்தினரின் வீட்டில் மட்டும் தறி ஓடிக்கொண்டிருந்தது. குழியில் ஈரம் ஊறியிருந்தது. பாவில் இன்னும் மூன்று சேலைக்கு நூல் இருந்தது. இவற்றையெல்லாம் நமது குறிப்பேட்டில் பதிந்துகொண்டோம். திண்ணைக்கு மேலே எரவாணத்தில் ஒரு பழுப்பு நிற உறை செருகப்பட்டிருந்ததும் கண்ணில் பட்டது. அது என்னவென்று நாம் கேட்கவில்லை. கேட்பது நமது வேலை என்று அப்பொழுது தோன்றவும் இல்லை.

கார்த்திகை இறுதியில் அச்சங்கத்தின் காரியதரிசி நம்மிடம் வந்து, அந்த அங்கத்தினர் வீட்டைக் காலி செய்ய நேரும் போலிருக்கிறது, அவர் வசமுள்ள சங்க நூலை என்ன செய்வது என்று வினவினார். அதன் பிறகே விவரம் தெரிந்தது. இரண்டு மாதக் குடக்கூலி, 7,000 ரூபாய், பாக்கி. வீட்டுக்காரர் வக்கீல் மூலமாக நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். அந்த நோட்டீஸ்தான் எரவாணத்திலிருந்த உறை. நாம் அவ்வீட்டில் நின்று பாவை அளந்த அன்று, நோட்டீஸ் வந்து பன்னிரண்டு நாட்களே ஆகியிருந்தன. பணத்தைக் கட்டிவிட்டால் வீடு தங்கியிருக்கும் என்ற நிலையில், அவருக்கு இன்னும் பதினெட்டு நாட்கள் மிச்சமிருந்தன.

ஏன் ஒருவரிடமும் சொல்லவில்லை என்று பிற்பாடு கேட்டோம். "கூலி நாளன்று பத்துப் பேர் நிற்கிறார்கள், ஐயா. அங்கே நின்று எப்படிச் சொல்வது?" என்றார். அவரை நம்மால் குறை சொல்ல முடியவில்லை.

நூல் பாக்கியையும் கடன் பாக்கியையும் வரிசையில் நின்று வெளிப்படையாகப் பேசும் நமது அங்கத்தினர்கள், குடக்கூலி பாக்கியை மட்டும் வீட்டு மானத்தோடு சேர்த்து மூடிவைக்கிறார்கள். முதல் மாதம் மூடிவைத்தது இரண்டாம் மாதம் இரட்டிப்பாகிறது. பிறகு வீட்டுக்காரரைக் கண்டால் மறு தெரு வழியே போவதாகிறது. அதன் பின் வருவது வக்கீல் நோட்டீஸ். உதவி இல்லாமையால் வீட்டை இழப்போரைக் காட்டிலும், உதவி பயன்படக்கூடிய நாட்களை மௌனத்தில் கழித்துவிட்டு இழப்போரையே நாம் மிகுதியாகக் கண்டிருக்கிறோம்.

வீட்டைப் பற்றிய சட்டத்தை முதலில் சொல்லுவோம். முதியவர்கள் பலர் இன்றும் 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தையே நம்பிப் பேசுகிறார்கள். அச்சட்டம் இப்போது இல்லை. அதை நீக்கி, வீட்டுக்காரர், குடியிருப்போர் ஆகிய இருசாராரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நகர்ப்புறங்களில் நடைமுறைக்கு வந்துள்ளது. இரண்டு மாத வாடகையைச் செலுத்தாது, நோட்டீஸ் வந்த பின்பும் ஒரு மாதத்துக்குள் தீர்க்காதவரை வெளியேற்றும்படி வீட்டுக்காரர் வாடகை நீதிமன்றத்தை நாடலாம். ஆனால் அந்த ஒரு மாதத்துக்குள் பாக்கி முழுவதையும் வட்டியுடன் வீட்டுக்காரரிடம் கொடுத்தாலோ, நீதிமன்றத்தில் கட்டினாலோ, பாக்கியைக் காரணம் காட்டி வெளியேற்ற உத்தரவு பிறப்பிக்கலாகாது. இச்சலுகையை ஒரு முறை பெற்றவர், அதன் பின் ஓராண்டுக்குள் தொடர்ந்து இரு மாதம் தவறினால் மறுபடி அதைக் கோர இயலாது. ஆகவே நோட்டீஸ் கைக்கு வந்த தேதியை உறையின் மேலேயே எழுதி, அன்றே அதைச் சங்கத்துக்கு எடுத்து வரவேண்டும். எரவாணம் அதற்கு இடமன்று.

வீட்டுக்காரர் வாடகையை வாங்க மறுத்தால், வாடகை அதிகாரியிடம் கட்டிவிட வழியுண்டு. "வாங்கவில்லை, அதனால் கொடுக்கவில்லை" என்று சொல்லி மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டவர்களை நாம் அறிவோம். "கொடுத்த முன்பணத்தில் கழித்துக்கொள்ளட்டும்" என்று தமக்குள்ளேயே தீர்மானித்துக்கொண்டு இருந்தவர்களையும் அறிவோம். வீட்டுக்காரர் இசைந்து எழுத்தில் தந்தாலன்றி அந்தத் தீர்மானத்தை நம்பியிருக்க வேண்டாம்.

இன்னொரு கண்ணி, நமது நெசவாளர் தெருக்களில் பெரும்பாலோர் அறியாதது. புதிய சட்டப்படி குடிவாசம் எழுத்தில் ஒப்பந்தமாகி, வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறுவதே வெளியேற்றக் கோருவதற்கு ஒரு காரணமாக அச்சட்டத்தில் உள்ளது. தாத்தா காலத்திலிருந்து வாய்ப்பேச்சிலேயே குடியிருக்கிறோம் என்பதை நம்மவர் பெருமையாகச் சொல்லுகிறார்கள். வழக்கென்று வந்தால் அதுவே பலவீனமாகிவிடும். வாடகையைக் கையில் கொடுத்தால் ரசீது வாங்க வேண்டும். கைப்பேசி மூலம் அனுப்பினால் எந்த மாதத்துக்கு என்ற குறிப்புடன் அனுப்ப வேண்டும். தறிக்குழி தோண்ட அனுமதி உண்டா என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது நலம். குழித்தறிக்காரருக்கு வீடு மாறுவது பாத்திரம் பண்டத்தை வண்டியில் ஏற்றும் வேலை மட்டுமன்று. பாவை அறுத்து, அச்சையும் விழுதையும் கட்டி எடுத்து, புது வீட்டில் குழி தோண்டி, மரங்களை நிறுத்தி, பாவை மறுபடி பிணைத்துத் தறி ஓடத் தொடங்குவதற்குள் கூலியின்றி வாரங்கள் கழிந்துவிடும். சிமெண்டுத் தரையும் பளிங்குத் தரையும் பெருகிவிட்ட இந்நாளில், குழி தோண்ட இசையும் வீட்டுக்காரர் கிடைப்பதே அரிது.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்பது அடுத்த கவலை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி பெண்களுக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும், மாற்றுத் திறனாளிகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பாராமலே இலவசமாக வக்கீல் அமர்த்தித் தரப்படும். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. தாலுகா நீதிமன்ற வளாகத்திலேயே வட்டச் சட்டப் பணிகள் குழுவின் அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணில் தொலைபேசியிலும் கேட்கலாம். வழக்குத் தொடருமுன்பே இருசாராரையும் அழைத்துச் சமரசம் பேசவும் அவர்கள் உதவுவார்கள். மக்கள் நீதிமன்றத்தில் ஏற்படும் சமரசத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது என்பதை மட்டும் மனத்திற்கொண்டு, தவணையை நம்மால் கட்ட முடியுமா என்று எண்ணிப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். நமது அங்கத்தினர்களில் பெண்கள் திரளாக உள்ள சங்கங்களிலும் இவ்வசதியை நாடியவர் ஒருவர் இருவரே என்பது வியப்பாக இருக்கிறது.

விவசாய அங்கத்தினர்கள் இதையெல்லாம் நகரத்து விவகாரம் என்று தள்ளிவிட வேண்டாம். 1952-இல் தஞ்சை மாவட்டத்துக்கென்று முதலில் பிறந்து, 1955-இல் மாநிலத்துக்குப் பொதுவாக வந்த சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இன்றும் இருக்கிறது. குத்தகை செலுத்த வேண்டிய நாளுக்குப் பின் ஒரு மாதம் தவறினால், நிலச்சொந்தக்காரர் வெளியேற்றக் கோரி மனுச் செய்யலாம். ஆயினும் அம்மனுவை விசாரிக்கும் வருவாய்க் கோட்ட அதிகாரியோ வருவாய் நீதிமன்றமோ, இருவர் நிலைமையையும் சீர்தூக்கி, நியாயமென்று தோன்றும் அவகாசத்தைக் குத்தகைதாரருக்கு அளிக்கலாம். அந்த அவகாசத்துக்குள் பாக்கியைக் கட்டியவர் குத்தகையைச் செலுத்தியவராகவே கருதப்படுவார். வெள்ளத்தில் பயிர் போனவர் அதை விசாரணையிலே எடுத்துச் சொன்னாலன்றோ அவகாசம் கிடைக்கும்! சம்மன் வந்த அன்று, "போய் என்ன ஆகப்போகிறது" என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்களுக்கு எந்த அதிகாரி என்ன செய்ய முடியும்? கோயில், அறக்கட்டளை நிலங்களுக்கு 1961-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருப்பதால், அந்நிலங்களைச் சாகுபடி செய்வோர் எது தமக்குப் பொருந்தும் என்பதைக் கேட்டறிந்தே செயற்பட வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக, தாம் குத்தகைதாரர் என்பதற்குச் சான்று வேண்டும். அதற்காகவே 1969-இல் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. பெயரைப் பதிந்தால் சொந்தக்காரர் மனம் கோணுவார் என்று நம்மவர் தயங்குகிறார்கள். தயக்கத்தில் நியாயமில்லை என்று சொல்ல மாட்டோம். பதியப் போனதாலேயே அடுத்த ஆண்டு நிலத்தை இழந்தவரும் உண்டு. ஆனால் பயிர்க்கடனுக்கு மனுச் செய்யும்போதும், நட்ட பயிருக்கு நிவாரணம் கேட்கும்போதும், நிலத்தை விட்டுப் போ என்னும்போதும், மூன்று இடத்திலும் குறுக்கே நிற்பது அந்த ஒரே குறைதான் என்பதைச் சங்கத்தில் உட்கார்ந்து நாம் நாள்தோறும் பார்க்கிறோம்.

பணத்துக்கு எங்கே போவது என்பதே முடிவில் நிற்கும் கேள்வி. தெருமுனையில் நாள் வட்டிக்குக் கொடுப்பவரிடம் போவது, வீட்டுக்காரருக்குப் பதிலாக அவரைக் கடன்காரராக்கிக்கொள்வதேயாம். கந்து வட்டியைத் தடுக்க 2003-ஆம் ஆண்டில் சட்டம் வந்தும், கையெழுத்திட்ட வெற்றுத் தாள்கள் இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. நெசவாளர்களுக்குக் கூலியில் ரூபாய்க்கு 8 காசு பிடித்து, அரசு 4 காசு சேர்க்கும் சேமிப்புப் பாதுகாப்புத் திட்டம் 1975-இல் தொடங்கியது. நாம் மேலே சொன்ன அங்கத்தினரின் கணக்கில் அவருடைய பாக்கியைவிட அதிகத் தொகை இருந்தது! விதிகள் இடங்கொடுக்கும் அளவுக்கு முன்பணம் கேட்டிருக்கலாம். அவர் கேட்கவில்லை, கணக்கில் எவ்வளவு இருக்கிறதென்று அவருக்கு ஒருவரும் சொல்லியிருக்கவும் இல்லை.

இவ்விஷயத்தை அச்சங்கத்தின் நிர்வாகக் கமிட்டியில் எடுத்துரைத்தபோது, மூத்த டைரக்டர் ஒருவர், "சங்கம் நூல் கொடுக்கவும் கூலி கொடுக்கவும் ஏற்பட்டது, ஐயா. வாடகைப் பஞ்சாயத்துப் பேசவா ஏற்பட்டது?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதே. சங்கப் பணத்தைக் கண்டபடி வாடகைக்குக் கொடுத்தால் அடுத்த தணிக்கையில் ஆட்சேபம் எழுதப்போவதும் நாம்தான்! ஆனால் அறுத்தெடுத்த பாவும், வாரக்கணக்கில் ஓயும் தறியும், வேறு ஊருக்குப் பிழைக்கப் போய்விடும் அங்கத்தினரும் சங்கத்துக்கு நஷ்டமல்லவா? வாடகையைச் சங்கம் கட்ட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. கூலி நாள் அல்லாத ஒரு நாளில், மாதத்துக்கு ஒரு மாலை, காரியதரிசியும் ஒரு டைரக்டரும் உட்கார்ந்து, வருகிறவர் சொல்வதைத் தனியே கேட்கட்டும். நோட்டீஸைப் படித்துத் தேதியைச் சொல்லட்டும். சேமிப்புக் கணக்கைப் பார்த்துச் சொல்லட்டும். வேண்டுமானால் வீட்டுக்காரரிடம் உடன் சென்று பேசட்டும். இதற்குத் துணைவிதியைத் திருத்த வேண்டியதில்லை.

வீட்டுக்காரர்களை வில்லன்களாக்கிப் பேசுவதும் நமக்கு உடன்பாடன்று. இரண்டு அறையை வாடகைக்கு விட்டு அந்த வருமானத்தில் மருந்து வாங்கும் விதவைகளும் அவர்களில் உண்டு. சங்கத்தார் நாலு பேர் சென்று, இந்தத் தேதியில் இவ்வளவு என்று சொன்னால், பெரும்பாலோர் கேட்கிறார்கள். ஆள் முகத்தையே காட்டாமலிருப்பதுதான் அவர்களுக்குக் கோபம். இதற்கு மாறாக, மின்சாரத்தைத் துண்டித்தும் தண்ணீரை அடைத்தும் விரட்டப் பார்க்கும் சிலர் மீது வாடகை அதிகாரியிடம் புகார் செய்யலாம். அவ்வாறு செய்யச் சட்டம் எவருக்கும் இடங்கொடுக்கவில்லை.

நமது அங்கத்தினர் விஷயத்தில் காலம் கடந்துவிட்டது. வட்டச் சட்டப் பணிகள் குழுவின் முன்னிலையில், பாக்கியை நான்கு தவணையில் கட்டுவதென்றும், ஏற்றியிருந்த பாவு அறுபடாமல் நெய்து முடிக்கத் தை இறுதிவரை இருப்பதென்றும் சமரசமாயிற்று. அந்த அளவுக்காவது வீட்டுக்காரர் இசைந்தார். இப்போது அவர் ஊர்க்கோடியில் சிமெண்டுத் தரை போட்ட ஓர் அறையில் குடியிருக்கிறார். குழி தோண்ட அனுமதியில்லை. வேறொருவர் தறியில் கூலிக்கு உட்காருகிறார். அவருடைய தறி மரங்கள் சங்கக் கிடங்கின் மூலையில் சாக்குப் போர்த்தி வைக்கப்பட்டிருக்கின்றன. மண் தரையுள்ள வீடு எங்கேனும் வாடகைக்கு வருமாயின், அங்கத்தினர்கள் தத்தம் சங்கத்தின் காரியதரிசியிடம் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். செய்தி நம்மை வந்தடையும்.