பாதத்தைக் கும்பிட்டோம், பூமியைப் பார்த்தோமா?

கொட்டுகிற மழையில் ஒருவர் ஊர் ஊராக நடந்து போய்ப் பிறருக்காகக் கை நீட்டினால், நம்மவர்கள் உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்து விடுகிறார்கள். ஒரு கட்சி, "இதென்ன வீம்பு? வெயில் வந்த பிறகு நடந்தால் தர்மம் கெட்டுப் போய்விடுமா?" என்கிறது. மற்றக் கட்சி, "ஆஹா, என்ன தியாகம்! சேறு படிந்த அந்தப் பாதங்களைப் பாருங்கள்!" என்று கண்ணைத் துடைத்துக் கொள்கிறது. எனக்கு இரண்டு கட்சியோடும் சண்டை உண்டு. முதல் கட்சியோடு உள்ள சண்டை சின்னது. இரண்டாவது கட்சியோடு உள்ளதுதான் பெரிது.

வினோபா பாவேயின் பூதான யாத்திரையையே எடுத்துக் கொள்வோம். 1951 ஏப்ரல் 18-ஆம் தேதி, தெலுங்கானாவிலுள்ள போச்சம்பள்ளியில் நிலமில்லாத தலித் குடும்பங்கள் நாற்பது அவரிடம் வந்து, பிழைப்புக்கு 80 ஏக்கர் வேண்டுமென்று கேட்டன. கூட்டத்திலிருந்த ராமச்சந்திர ரெட்டி என்ற நிலக்கிழார் எழுந்து நின்று 100 ஏக்கர் தருவதாகச் சொன்னார். அதிலிருந்து 1964 வரை அந்த மனிதர் நடந்து கொண்டேயிருந்தார். வயிற்றுப் புண் உள்ள உடம்பு. தயிரும் பாலும்தான் முக்கிய ஆகாரம். விடியுமுன் அரிக்கேன் விளக்கோடு கிளம்பி, அடுத்த கிராமம் போய்ச் சேர்ந்து, "உமக்கு ஐந்து பிள்ளைகள் இருந்தால் என்னை ஆறாவது பிள்ளையாக நினைத்து என் பங்கைக் கொடும்" என்று கேட்பார்.

மழைக்கு என்ன செய்தார்? முதல் வருஷம், தெலுங்கானா யாத்திரை முடிந்ததும் பவுனார் ஆசிரமத்துக்குத் திரும்பினார். மழைக்காலம் கழியும் தறுவாயில், செப்டம்பரில்தான் டில்லி நோக்கிப் புறப்பட்டார். ஆனால் 1955-ல் ஒரிஸ்ஸாவின் கோராபுட் மலைப் பகுதியில் மழைக்காலத்திலேயே நடந்தார். மலேரியாவுக்குப் பேர்போன சீமை அது. அந்தச் செப்டம்பரில் அவருக்கு அறுபது வயது நிறைந்தது.

என் நண்பர் ஒருவர், ஓய்வு பெற்ற தாசில்தார். அவர் முதல் கட்சி. "சாதுக்களே மழைக்காலத்தில் ஓரிடத்தில் உட்கார வேண்டுமென்று விதி இருக்கிறதே, ஓய்! சாதுர்மாஸ்யம் என்று சும்மாவா வைத்தார்கள்?" என்று என்னை மடக்கப் பார்த்தார்.

விதி இருப்பது வாஸ்தவம். ஆனால் அந்த விதி எதற்காக வந்தது? பௌத்தர்களின் வினய நூல் காரணத்தைச் சொல்கிறது. மழையிலும் ஓயாமல் அலைந்த பிட்சுக்கள் பச்சைப் புல்லையும் சின்னஞ்சிறு ஜீவன்களையும் மிதித்து நாசம் செய்கிறார்கள் என்று ஜனங்கள் குறைப்பட்டுக் கொண்டார்கள்; அதன் மேல் பிறந்தது விதி. ஜைனர்கள் மழைக்காலத்தில் தங்குவதும் உயிர்களுக்கு இம்சை கூடாது என்பதற்காகத்தான். துறவியின் கால் நனையக் கூடாது என்பதல்ல, அந்தக் காலடியில் பயிரும் உயிரும் மடியக் கூடாது என்பதே அதன் கருத்து. தவிர, அதே மழையில் அடுத்தவன் வயலில் குனிந்து நாற்று நடுகிறாளே, அவளுக்குச் சாதுர்மாஸ்யம் உண்டா? அவளுக்காக நிலம் கேட்கப் போகிறவன் நாலு மாதம் லீவு எடுக்காமலிருந்தால் அதை வீம்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. முதல் கட்சியோடு என் வழக்கு இவ்வளவுதான்.

இனி, பாதத்தைக் கும்பிட்டவர்களிடம் வருகிறேன்.

கோராபுட் மழையில் அவருக்குக் கொடுத்தவர்கள் யார்? ஆதிவாசிகள். துண்டு நிலமாக அல்ல, கிராமதானமாக, ஊர் நிலம் முழுவதையும் பொதுவாக்கிக் கொடுத்தார்கள். அப்படிக் கொடுத்த கிராமங்கள் நூற்றுக்கணக்கில். இல்லாதவன் இருப்பதையெல்லாம் கொடுத்தான். இருந்தவன் என்ன கொடுத்தான்? 1952 செப்டம்பர் முதல் 1954 முடிய வினோபா நடந்த பீகாரில் இருபது லட்சம் ஏக்கருக்கு மேல் சேர்ந்தது. கேட்கப் பிரமாதமாக இருக்கிறது. பிரித்துப் பார்த்தபோது காடும், ஆற்று மணலும், பாறையும், கோர்ட்டில் வழக்கு நடந்து கொண்டிருந்த நிலமும் அதில் ஏராளமாக இருந்தன. தேசம் முழுவதும் சேர்ந்தது நாற்பது லட்சம் ஏக்கருக்கு மேல். அதில் பெரும் பகுதி உழுகிறவன் கைக்குப் போய்ச் சேரவேயில்லை. அப்பா மேடையில் கொடுத்ததைப் பிள்ளை வீட்டுக்குள்ளிருந்தே திரும்ப எடுத்துக் கொண்ட கதைகளும் உண்டு.

இது எப்படி நடந்தது? சூழ்ச்சிக்காரர்கள் மட்டும் செய்ததல்ல. வரவேற்புப் பந்தல் போட்டோமே, மாலை வாங்கினோமே, "மகான் மழையில் நனைகிறார்" என்று உருகினோமே, அந்த உருக்கமும் சேர்ந்து செய்தது. பாதத்தை நீர் விட்டுக் கழுவியதோடு நம் பங்கு தீர்ந்துவிட்டதாக எண்ணிக் கொண்டோம். மனசு இளகியதையே தானமாகக் கணக்கில் எழுதிக் கொண்டோம். ஓர் இரவு தங்கி மறுநாள் விடியுமுன் போய்விடுகிற கிழவர், கொடுத்த நிலத்தை அளந்து பார்க்க முடியுமா? அது உள்ளூரில் இருந்தவர்கள் வேலை அல்லவா?

இந்த இடத்தில் என் தாசில்தார் நண்பர் ஒன்று சொன்னார். "வெயில் காலத்தில் எல்லா நிலமும் நிலம்தான், ஓய். மழை பெய்தால்தான் எது ஏரிக்குள்ளே கிடக்கிறது, எதில் தண்ணீர் நிற்காமல் ஓடுகிறது என்று தெரியும்!" நாற்பது வருஷம் ரெவின்யூ இலாகாவில் இருந்தவர் வார்த்தை, அதற்கு மேல் நான் என்ன சொல்ல? கேட்பதற்காக ஒருவர் மழையில் நடந்தார். கொடுத்ததைப் பார்ப்பதற்காக எத்தனை பேர் மழையில் இறங்கி நடந்தார்கள்?

"அதெல்லாம் வடக்கே" என்று யாரும் நிம்மதி அடைய வேண்டாம். 1956 மே முதல் 1957 ஏப்ரல் வரை அவர் நம்மிடையே நடந்தார். அந்த வருஷத்து ஐப்பசி, கார்த்திகை மழையும் அந்த நடையில் அடக்கம். எப்பேர்ப்பட்ட மழை! நவம்பர் 23-ல் அரியலூருக்கு அருகே மருதையாற்று வெள்ளத்தில் பாலம் பலமிழந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது அந்த மழையில்தான். பிறகு, 1958-ல் பூதானத்துக்கென்று சட்டம் வந்தது, வாரியமும் வந்தது. உங்கள் ஊரில் அப்போது தானமாக எழுதிக் கொடுக்கப்பட்ட நிலம் எது, இன்று அதை உழுகிறவர் யார் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

"அப்படியானால் நடந்ததெல்லாம் வீணா?" என்று கேட்பீர்கள். இல்லை. பல லட்சம் ஏக்கர் உண்மையாகவே ஏழைகள் கைக்கு மாறியிருக்கிறது. நடக்காமலிருந்தால் அதுவும் மாறியிராது. அதோடு, பாதத்தை விட்டுவிட்டுப் பூமியைப் பார்த்தவர்களும் இருந்தார்கள். கிருஷ்ணம்மாளும் அவர் கணவர் ஜகந்நாதனும் பூதானத்தில் உழைத்தவர்கள். 1968 டிசம்பரில் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட பிறகு தஞ்சைச் சீமைக்குப் போனார்கள். 1981-ல் லாப்டி என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கி, நிலத்தை விலை பேசி வாங்கி, கூலிக்காரப் பெண்கள் பேரில் பத்திரம் பதிவு செய்து கொடுத்தார்கள். யாத்திரை அங்கேதான் முடிகிறது. பதிவாளர் கச்சேரி வாசல் வரை போகாத யாத்திரை பாதி யாத்திரை.

இன்றும் நோயாளிகளுக்காக, அனாதைக் குழந்தைகளுக்காக நெடுந்தூரம் நடக்கிறார்கள். ஒரே நிறச் சட்டை, முன்னால் பதாகை, பின்னால் காமிரா. மழை வந்துவிட்டால் போட்டோ இன்னும் நன்றாக விழுகிறது. நடக்கிறவர்களை நான் கேலி செய்யவில்லை. கால் வலி கால் வலிதான். ஜன்னலோரம் காப்பி குடித்துக் கொண்டு அந்தப் படத்தைப் பார்த்து உருகுகிற நம்மைத்தான் சொல்கிறேன். பத்து மைலா, நூறு மைலா, எத்தனை கொப்புளம் என்றெல்லாம் கேட்கிறோம். சேர்ந்த பணம் எவ்வளவு, அது யார் கையில் போயிற்று, எப்போது போயிற்று என்று கேட்பதை மட்டும் அநாகரிகம் என்று நினைக்கிறோம்.

அநாகரிகமல்ல, ஐயா. அது ஒன்றுதான் நடந்தவருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை. அடுத்த முறை யாராவது மழையில் நனைந்து கொண்டு உங்கள் தெருவுக்கு வந்தால், குடை பிடியுங்கள், முடிந்ததைக் கொடுங்கள். கண்ணீரை மட்டும் மிச்சம் வையுங்கள். ஆறு மாதம் கழித்துக் கணக்கைக் கேளுங்கள். பதில் வராவிட்டால் மறுபடியும் கேளுங்கள்.